வலது காலுக்கு நூறு

மூன்றாவது நாளாக அந்தச் சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது.

ஹமாகிரி வலது காலைத் தூக்கி மண்தரையில் ஓங்கி மிதித்தான். தம் என்றது. அது அவனுடைய சத்தம், பதினைந்து வருடமாகக் கேட்டுப் பழகியது. அது அடங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் உருண்டு கிடந்த பன்னிரண்டு சுமோ பயில்வான்களின் குறட்டை மறுபடியும் காதில் விழத் தொடங்கும் நேரத்தில், இடப்பக்கத்துத் தரையிலிருந்து இன்னொரு தம் வந்தது. சின்னதாக, ஈரத்துணியை அறைந்தது போல.

முதல் நாள் லாரி என்று நினைத்தான். சுமிதா ஆற்றுப் பாலத்தில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் நாள் கட்டடத்தின் வயதின் மேல் பழியைப் போட்டான். இன்றைக்குப் பழி போட எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் எண்ணிக்கையை விடவில்லை. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். செப்டம்பர் போட்டியில் அவன் கோதாவின் விளிம்பிலிருந்து கீழே விழுந்தபோது, நூற்றெண்பது கிலோ எதிராளியும் அவன் மேலேயே விழுந்தான். இடது முழங்காலுக்குள் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும், திரும்பிவர ஒன்பது மாதம் ஆகும் என்றாள் பிசியோதெரபிஸ்ட் செகினோ. மே மாதப் போட்டியில் ஏறாவிட்டால் கொண்டையை வெட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர் என்றார் பயிற்சிக் கூடத்து வாத்தியார். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. கொண்டை போனால் சுமோ போயிற்று. பதினாறு வயதில் வந்தவன், இப்போது முப்பத்தொன்று, வேறு எந்த வேலையும் கற்கவில்லை. பயமாக இருந்தது அவனுக்கு. இவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு பயத்துக்கு இடம் இருக்கும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

இப்படிக் காலைத் தூக்கி மிதிப்பது சுமோக்காரனுக்குப் பல் விளக்குவது மாதிரி. வலது ஒன்று, இடது ஒன்று, மாற்றி மாற்றி, தினமும் நூற்றுக்கணக்கில். தொடைக்குப் பலம் வரும். மண்ணுக்கடியில் இருக்கும் கெட்டது எழும்பாமல் அடங்கியும் கிடக்குமாம். இடது காலால் மிதிக்கவே கூடாது என்று செகினோ சொல்லியிருந்தாள். அதனால் ஹமாகிரி ஒரு வழி கண்டுபிடித்தான். உள்ளங்கையால் அறைந்து பழகும் மரத்தூணைக் கட்டிப்பிடித்து, உடல் பாரத்தைக் கைகளில் ஏற்றி, முழங்கால் பட்டை போட்ட இடது காலை வெறும் முட்டாக ஊன்றி, வலதால் மட்டும் நூறு.

காலைப் பயிற்சி முடிந்ததும் கோதாவைப் பெருக்கி, நடுவில் மணலைக் குவித்து, வெள்ளைக் காகிதம் தொங்கும் குச்சியை நட்டுவிடுவார்கள். அதன்பிறகு மறுநாள் காலைவரை அது சாமியின் இடம், யாரும் கால் வைப்பதில்லை. ஹமாகிரியும் வைக்கவில்லை. தூண் கோதாவுக்கு வெளியே, மூலையில் இருந்தது. சட்டப்படி அவன் மேல் குற்றமில்லை.

மார்ச் பிறந்தபோது சத்தத்தின் தாமதம் குறைந்திருந்தது. வலது மிதித்ததும் இடது. வலது, இடது. யாரோ பக்கத்தில் நின்று அவன் விட்ட பாதியைச் செய்துமுடிப்பது போல. இடப்பக்கத்து மண் மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தது. அதிலிருந்து ஊறிய கடற்பாசியின் வாடை வந்தது. கோதா கட்டும்போது காணிக்கையாகக் கடற்பாசியும் அரிசியும் புதைப்பார்கள்தான். ஆனால் அது கோதாவின் நடுவில். இந்த மூலையில் யாரும் எதையும் புதைக்கவில்லை.

"என்ன பயில்வானே, ஒத்தக் கால்ல தவமாமே?" என்றார் தோக்கோசென், அவன் தலையில் மெழுகெண்ணெய் தேய்த்துக்கொண்டே. அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கொண்டை கட்டிவிடுபவர் அவர். வாய் ஓயாது.

"யாரு சொன்னா?"

"உன் தொடை சொல்லுதுடா. ஒரு பக்கமா மிதிக்காத. தண்ணித் தலையணைய ஒரு ஓரத்துல அமுக்கினா என்ன ஆகும்? மறு ஓரம் உப்பும்ல?"

"மண்ணுக்குள்ள தலையணை யாருண்ணே வெச்சது?"

"அது சரி. கிண்டல் பண்ணு. தலையை ஆட்டாத, கோணலா போயிடும்." சீப்பு நின்றது. "வலது தொடையத்தான் சொல்ல வந்தேன். உனக்கு இடதுல்ல பெருத்திருக்கு?"

ஹமாகிரி குனிந்து பார்த்தான். உண்மைதான்.

அந்த வாரம் மருத்துவமனையில் செகினோ நாடாவை வைத்து இரண்டு தொடைகளையும் அளந்தாள். சந்தேகப்பட்டு மறுபடியும் அளந்தாள். அறுவை செய்த கால் சூம்பித்தான் இருக்க வேண்டும், திரும்பத் தேற மாதக்கணக்காகும். இது மற்றதைவிட மூன்று சென்டிமீட்டர் பருமனாக இருந்தது.

"வலிக்குதா, ஹமாகிரி சான்?"

"இல்ல. மூணு வாரமா வலியே இல்ல."

"கொஞ்சமாவது வலிக்கணுமே." அவள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

சின்ன ரப்பர் சுத்தியலால் வலது முழங்காலைத் தட்டினாள். பாதம் துள்ளியது. இடது முழங்காலைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் சுத்தியலை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தபோது, இடது கால் துள்ளியது.

அவள் பேனாவை மூடிவைத்தாள்.

"இதுவரைக்கும் நான் இப்படிப் பார்த்ததில்ல," என்றாள் கடைசியில். "மெதுவா வர்ற பலம்தாங்க நிக்கும். நீங்க என்ன பண்றீங்களோ, அத நிறுத்துங்க. தயவுசெஞ்சு."

நிறுத்தலாம் என்றுதான் திரும்பினான். ஆனால் மறுநாள் காலை அவன் நொண்டாமல் படியிறங்கி வந்ததை வாத்தியார் பார்த்துவிட்டார். சிரித்தறியாத மனிதர். "மே மாசம் ஏறிடுவ போல இருக்கே," என்றார். ஹமாகிரிக்குக் கண் கலங்கியது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். இந்தக் கால் எங்கிருந்து வந்ததோ வரட்டும், அவன் கொண்டை தலையில் இருக்கும். அன்று மதியமும் நூறு மிதித்தான்.

அதற்கு அடுத்த வாரம் இடது கால் அவனை முந்தத் தொடங்கியது. படியில் அவன் நினைப்பதற்குள் அது ஏறியது. தூங்கி எழுந்தால் அதன் உள்ளங்காலில் ஈரமண் அப்பியிருந்தது. அப்போதுதான் அவன் மெய்யாகவே பயந்தான். மிதிப்பதை நிறுத்தினான்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மதியம், வெயில் ஜன்னல் வழியாகப் பாய்களின் மேல் விழுந்துகிடக்க, மதியம் சாப்பிட்ட சாங்கோ என்ற இறைச்சிக் குழம்பின் வாசனை இன்னும் கூடத்தில் தங்கியிருக்க, பன்னிரண்டு பேரின் குறட்டைக்கு நடுவே ஹமாகிரி கண்ணைத் திறந்தபடி கிடந்தான். தரைப்பலகைக்குக் கீழிருந்து வந்தது.

தம்.

பிறகு அமைதி. காத்திருக்கும் அமைதி.

தம்.

இப்போது அதுதான் முதலில் மிதித்தது. அவனுடைய வலது காலுக்காகக் காத்திருந்தது. குறட்டைகள் ஒன்றுகூடத் தடுமாறவில்லை. போர்வைக்குள் அவனுடைய இடது கால் எழுந்து உட்கார்ந்தது. அவன் அதன் பின்னால் போனான்.

பயிற்சிக் கூடத்தில் யாரும் இல்லை. பெருக்கிய கோதா. மணல் குவியல். காகிதங்கள் காற்றில்லாமல் ஆடின. கடற்பாசி வாடை தொண்டையை அடைத்தது.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. விட்ட பாதியை அவனே மிதிக்க வேண்டும். இடது காலால். ஓங்கி. முழங்கால் மறுபடியும் அறுந்தாலும் சரி. மே போனாலும் சரி. கொண்டை போகட்டும். ஊருக்குப் போய் நொண்டிக்கொண்டு மீன் விற்கிறேன், என் காலை மட்டும் கொடு.

பட்டையைக் கழற்றி எறிந்தான். தூணைப் பிடித்தான். இடது காலைத் தூக்கினான்.

லேசாக எழுந்தது. இடுப்புக்கு. தோளுக்கு. காதுக்கு மேலே. அவ்வளவு உயரம் அவன் வாழ்நாளில் தூக்கியதில்லை.

இறக்கினான். இறங்கவில்லை.

"இறங்கு," என்றான்.

கீழே ஈரமண் வெடித்தது. முதலில் ஐந்து விரல்கள். பிறகு உள்ளங்கால். தலைகீழாக, மண்ணை உதிர்த்துக்கொண்டு. கணுக்கால். சூம்பிய கெண்டைக்கால். முழங்காலில் மூன்று தையல் தழும்புகள்.

அவனுடைய கால். மெதுவாக ஆறிக்கொண்டிருந்த, அவனுடைய சொந்தக் கால்.

இத்தனை வாரத்தில் முதல்முறையாக அவனுக்கு முழங்கால் வலித்தது. வலி தரையிலிருந்து வந்தது. மண்ணில் நட்டுவைத்தது போல நின்ற அந்த விரல்கள் நடுங்கின. எதையாவது பற்றிக்கொள்ளத் தேடின.

மேலே, காதோரம் நின்ற கால் அப்போதுதான் முழுப் பலத்தோடு அந்த விரல்களை நோக்கி இறங்கத் தொடங்கியது.