ஏழாம் மேசையின் விடைத்தாள்

திருத்தச் சொல்லி வந்த விடைத்தாள் சில்லென்று இருந்தது, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் மறந்துபோன எதையோ வெளியே எடுத்துக் கையில் கொடுத்ததுபோல. வாத்தியார் அதை மேசைமேல் போட்டுவிட்டு விரல்களைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார். பதினெட்டு வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவர். பாதி காலியாக விட்ட தாள், கண்ணீர்க் கறை படிந்த தாள், 'சார், பாஸ் போட்டால் உங்கள் குடும்பம் நன்றாக இருக்கும்' என்று கடைசிப் பக்கத்தில் எழுதிய தாள் வரை பார்த்தாயிற்று. (பாஸ் போட்டார். எதற்கு வம்பு.) குளிர்ந்த தாள் இதுதான் முதல்.

"யாரோடது மாமா?" என்றான் மச்சான். மனைவியின் தம்பி, ஏ.சி. மெக்கானிக், வாய் மட்டும் சர்வீஸுக்கே போகாமல் ஓடும்.

தாளின் மூலையில் ஏழு என்று எழுதியிருந்தது. போட்டியில் இருப்பது ஆறு மேசை என்றுதான் வாத்தியார் நினைத்திருந்தார். திரும்பிப் பார்த்தார். ஸ்டோர் ரூம் கதவை ஒட்டி, பல்பு பியூஸ் போன மூலையில், ஒரு மேசை கிடந்தது. மூன்று பேர் தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருந்தார்கள். மேசைமேல் ஒரு கிளாஸ் கூட இல்லை.

அந்த பாரில் வாரம் ஒருநாள் க்விஸ். மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. சுற்று முடிந்ததும் ஒரு மேசையின் தாளை அடுத்த மேசை திருத்திக் கையெழுத்துப் போட்டு மைக் பிடித்துக் கேள்வி கேட்கிற மைக்காரரிடம் கொடுக்க வேண்டும். கையெழுத்து விழுந்தபின் மாற்றக் கூடாது. வாத்தியார், மச்சான், அவர்களோடு சேர்ந்த பல் டாக்டர் மூவரும் 'கடைசி பெஞ்ச்' என்ற பெயரில் ஐந்து மாதமாகக் கடைசி இடத்தைக் காப்பாற்றி வந்தார்கள். முதல் மேசையில் கோட்டுப் போட்டவர்கள் கூட்டம், இவர்கள் உள்ளே நுழையும்போதே மேசையைத் தட்டி ஊளையிடும்.

வீடு பத்து நிமிட நடை. மனைவிக்கு மருத்துவமனையில் இரவு டியூட்டி. பதினொரு வயது மகள் தனியாக இருந்தாள். "நான் என்ன குழந்தையா? போயிட்டு வாப்பா" என்று அவள்தான் அனுப்பினாள். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்ட பிறகே அவர் படியிறங்கினார். நல்ல தகப்பன் என்று சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சு உறுத்திக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார் என்பதால் முழுக்க மோசம் என்றும் சொல்ல முடியாது. முப்பத்தைந்து மார்க் தேறும்.

தாளில் ஒன்பது விடைகள் சரி. எழுத்துத்தான் ஒரு மாதிரி. ஒவ்வொரு கோடும் தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருந்தது. நான்காவது கேள்வி, தேனீக்கு எத்தனை கண்கள். அவர்கள் எழுதியிருந்தது: சுவர்க் கடிகாரம் நிற்கும்.

"இன்ட்டு போடுங்க சார், இதுல என்ன யோசனை?" என்றாள் பல் டாக்டர்.

"ஏதோ எழுதிப் பாத்திருக்காங்க, பாவம்."

"மாமா திருத்தினா காலித்தாள் கூட ஃபர்ஸ்ட் கிளாஸ் டாக்டரம்மா!"

அவர் டிக் போட்டார், கையெழுத்திட்டார். மைக்காரரின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் சிவப்பு முள் ஒரு துடி துடித்து, அதே இடத்தில் நின்றது. பேட்டரி, என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் சுற்றின்போது பார் இன்னும் சூடேறியது. ஈர மரத்தின் வாடை, பழைய சிகரெட்டு வாடை, யாரோ கொட்டிய பியர் செருப்புக்கு அடியில் பிசுபிசுத்துக் கிழியும் சத்தம், கோட்டுக் கூட்டத்தின் கெக்கலிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டோர் ரூம் பக்கமிருந்து ஒரு பேனா கரகரவென்று, கேள்வி கேட்பதற்கு முன்பே, நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தது. இத்தனை இரைச்சலில் அது எப்படிக் காதில் விழுகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

தாள் வந்தது. பாதி விடைகள் தப்பு. ஏழாவது கேள்வி, சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகம் எது. விடை: மச்சான் இனி பேச மாட்டான்.

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். பார் முழுக்கக் கேட்கிற மாதிரி 'மச்சான், மச்சான்' என்று இவர்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தார், கேட்டுவிட்டுக் கிண்டல் செய்கிறார்கள். "கல்யாணமான நாள்லேர்ந்து நான் வேண்டிக்கிட்டது. இதுக்கு முழு மார்க்" என்று பெரிதாக ஒரு டிக் போட்டுக் கையெழுத்திட்டார்.

மச்சான் அப்போது கோட்டுக் கூட்டத்தைப் பார்த்து நாற்காலியில் எழுந்து நின்றிருந்தான். "டேய் கோட்டு! அடுத்த வாரம் உங்களை—"

வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

இன்னும் அகலமாகத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. கோட்டுக் கூட்டம் அதை நடிப்பென்று நினைத்துக் கைதட்டியது. "கடைசி பெஞ்ச் கப்சிப்!" என்று ஒருவன் கத்த, எல்லா மேசையும் சேர்ந்து கத்தின. மச்சான் இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர்.

பல் டாக்டர் போன் வெளிச்சத்தில் அவன் வாயைத் திறந்து பார்த்தாள்.

"தொண்டை சரியாத்தான் இருக்கு. மூச்சு வருது. சத்தம் மட்டும் வரல. நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறேன், நீங்க வீட்டுக்குப் போங்க சார். குழந்தை தனியா இருக்கால்ல."

இருவரும் கதவைத் தாண்டிப் போனார்கள். மூன்றாம் சுற்றுக் கேள்விகள் எப்போது கேட்கப்பட்டன, எப்போது முடிந்தன, அவருக்குத் தெரியாது. பையை எடுக்கத் திரும்பியபோது தாள் மேசைமேல் இருந்தது. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

முதல் வரியின் முதல் சொல்: பாப்பா.

மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் மட்டும். இந்த பாரில் அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குமேல் அவர் படிக்கவில்லை. படிக்கத் துணிவில்லை. டிக் போட்டது நடந்தது. கடிகாரம். மச்சான். அப்படியென்றால் டிக் போடாதது நடக்காது. கணக்கு அவ்வளவுதான். சிவப்புப் பேனாவை எடுத்தார். இன்ட்டு. இன்ட்டு. பத்து வரிக்கும் பத்து. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாளுக்கு முட்டை. கையெழுத்தும் போட்டு அடியில் கோடு இழுத்தார்.

மைக்காரர் தாளை உருவிக்கொண்டு போனார்.

"ஏழாம் மேசை, பூஜ்யம்! ஏன் வாத்தியாரே, உங்களுக்கு இன்ட்டு போடக்கூடத் தெரியுமா?" எல்லோரும் சிரித்தார்கள். மைக்காரருக்கு உற்சாகம். "அப்படி என்னதான் எழுதியிருக்காங்கன்னு கேளுங்க. ஒண்ணு, பாப்பா இருக்கிற வீடு பூட்டியிருக்கு. தப்பு! ரெண்டு, விளக்கு எரியுது. தப்பு! மூணு, அங்க பாப்பாவைத் தவிர யாரும் இல்ல. தப்பு!"

வாத்தியார் தாளைப் பிடுங்கப் பாய்ந்தார். "குடுங்க. மாத்தணும். நான் படிக்காம போட்டுட்டேன்."

"கையெழுத்து இருக்கே, வாத்தியாரே." மைக்காரர் தாளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். கோட்டுக் கூட்டம் ஊளையிட்டது.

அவர் ஸ்டோர் ரூம் பக்கம் பார்த்தார். மூன்று நாற்காலிகளும் காலி.

ஓடினார்.

தெருவில் ஆளில்லை. பூட்டிய கடைகளின் ஷட்டர்களில் அவர் காலடிச் சத்தம் மோதித் திரும்பியது. ஓடிக்கொண்டே போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா, கரண்ட் போயிடுச்சு."

"கதவு?"

"திறந்திருக்கு. நான் பூட்டித்தான் வெச்சிருந்தேன்பா." குரல் தழைந்தது. "மூணு பேர் வந்திருக்காங்க. உன்கூட விளையாடறவங்களாம். நீதான் அனுப்பினியாமே."

"வெளிய ஓடு பாப்பா. இப்பவே."

"கையைப் பிடிச்சிருக்காங்க. விட மாட்டேங்கறாங்க."

மூச்சிரைத்தது. விலா குத்தியது. இன்னும் இரண்டு தெரு.

"ஒரு பேப்பர் குடுத்துத் திருத்தச் சொல்றாங்கப்பா. பத்து இருக்கு. எல்லாம் உன்னைப் பத்தி."

"எதுக்கும் எதுவும் போடாத! பேனாவைக் கீழ போடு!"

"என் கையோட சேத்துப் பிடிச்சிருக்காங்களே."

"சரி. சரிடா. பயப்படாத. முதல்ல என்ன எழுதியிருக்கு? படி."

"இருட்டா இருக்கு." எழுத்துக் கூட்டினாள். "பாப்பா பேசறது... அப்பாவுக்குக் கேக்குது."

"டிக் போடு!" தெருவே அதிரக் கத்தினார். "கையை இழுத்து டிக் போடு பாப்பா! டிக்!"

பேனா தாளில் இறங்கியது. கேட்டார். சர்ரென்று ஒரு கோடு.

ஒரு கோடுதான்.

அதன் குறுக்கே இன்னொன்று.

தெரு திரும்பினார். எதிரே வீடு. இரண்டாம் மாடி ஜன்னல். போனின் நீல வெளிச்சத்தில் பாப்பாவின் முகம். கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. வாய் அகலத் திறந்தது, மூடியது, திறந்தது. காதிலிருந்த போனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை. அவள் பின்னால் மூன்று தலைகள், தலையோடு தலை சேர்த்து, அவள் கையின்மேல் குனிந்து, இரண்டாவது விடைக்குப் போயிருந்தன.