இரண்டாவது தழை

நதியாவின் காலில் ஒரு அட்டைகூட ஏறவில்லை. ஓடையைத் தாண்டி வெகுதூரம் இறங்கி வந்த பிறகுதான் பவுனு அதைக் கவனித்தாள். தன் கெண்டைக்காலிலோ ஏழெட்டு தொங்கின. உப்பு முடிச்சை ஒற்றி எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு மகளின் பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஈரம்கூட இல்லை. எறும்பு கடித்தாலே ஊரைக் கூட்டுகிற ஒன்பது வயதுப் பிள்ளை சும்மா நின்றுகொண்டிருந்தது.

“அட்டைக்கும் ஒன்னயப் பிடிக்கலையாடி?” என்று கேலி செய்தாள். மகள் சிரிக்கவில்லை.

லீவுக்கு மலை உச்சியில் டாப் ஸ்டேஷனில் இருக்கும் அத்தை மலையம்மாள் வீட்டுக்குப் போன பிள்ளை அது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. கூட்டிவருவதற்காக விடியும்போதே பவுனு அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து தனியாக ஏறினாள். புருஷன் செத்த பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு பிள்ளைதான்.

பாதை தொடங்குமிடத்தில் காவல் தெய்வமான பேச்சி கல் இருக்கிறது. மலை ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைத் தழை ஒடித்து அதன்மேல் வைப்பார்கள். இறங்கும்போது அவரவர் தழையை எடுத்து வீசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தழையை எடுத்தவருக்குத்தான் மலை வழிவிடும் என்பது நம்பிக்கை. பவுனு காலையில் இரண்டு வைத்தாள். வரும்போது இரண்டு பேராக வருவோமே, பிள்ளைக்கும் காவலாக இருக்கட்டும் என்ற ஆசைதான்.

மேலே மலையம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஒரு தழைதானே வச்ச, பவுனு? ஏறாத ஆளுக்கு வச்சா, அந்தத் தழைக்கு வேற ஏதாச்சும் நம்ம கூடயே ஏறி வந்துரும்னு சொல்லுவாக.”

“ஒண்ணுதான் மதினி.”

பொய் சொன்னது இப்போது நெஞ்சை அறுத்தது. ஓடைக்கரையில் நதியா ஒதுங்கப் போனதும், மூடுபனி இறங்கியதும், பனிக்குள்ளிருந்து வந்து அவள் சத்தமில்லாமல் கையைப் பிடித்துக்கொண்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மணி நாலுதான் இருக்கும், ஆனாலும் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. அழுகிய இலையின் வாடையும் நனைந்த புல்லின் வாடையும் மூச்சை அடைக்க, தன் செருப்பு சளக் சளக்கென்று சேற்றில் அமுங்கும் ஓசையைக் கேட்டபடி நடந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது: பக்கத்தில் இன்னொரு காலடி ஓசை கேட்கவேயில்லை.

தூரத்தில், மேலே, யாரோ கூப்பிட்டார்கள்.

“அம்மா...”

பவுனு நின்றாள். “யாருடி அது?”

“யாருமில்லம்மா. நட.”

கைக்குள் இருந்த விரல்கள் ஓடைக்கல்லாகக் குளிர்ந்திருந்தன. என் பிள்ளைதான், குளிரில் விறைத்துப் போயிருக்கிறாள் என்று பவுனு தனக்கே சொல்லிக்கொண்டாள். கேட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

“அத்த காலைல என்ன சமைச்சாக, சொல்லு?”

பிள்ளை அவள் கையை இழுத்துக்கொண்டு நடந்தது. கொஞ்ச தூரம் போனபின் மெதுவாகச் சொன்னது.

“காலைல அந்தா அந்தப் பாறையில ஒக்காந்து அழுதியேம்மா. அப்பாவ நெனச்சு.”

அழுதது உண்மை. அப்போது அவள் தனியாக இருந்தாள். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

கையை உதறினாள். வரவில்லை. பிடி இறுகியது.

“அம்மா! என்னைய விட்டுட்டுப் போறியே! இங்கன இருக்கேம்மா!”

நதியாவின் குரல். அழுது அழுது கம்மிப்போன குரல். ஓடைப் பக்கமிருந்து. எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறாளோ.

“நதியா! ஆத்தா! அங்கனயே நில்லு, வாரேன்!”

திரும்ப முடியவில்லை. கால் கீழ்நோக்கியே இழுபட்டது. செருப்பு கழன்றது. முழங்கால் கல்லில் கிழிந்தது. பேச்சி கல் வந்துவிட்டது.

கல்லின்மேல் இரண்டு தழைகள். அவளுடையது வாடிச் சுருண்டிருந்தது. மற்றது இப்போதுதான் ஒடித்ததுபோல் பச்சையாக இருந்தது. அதை மட்டும் எடுக்கவிடக் கூடாது. அது என் மகளுடையது. பாய்ந்து கை நீட்டினாள்.

சின்னக் கை முந்திக்கொண்டது.

மேலே குரல் வந்தது. “அம்மா... அம்மா...” பனி அதை விழுங்கிக்கொண்டிருந்தது.

பச்சைத் தழையைக் காட்டுக்குள் வீசிவிட்டு, மகளின் முகம் அவளை நிமிர்ந்து பார்த்து முதல்முறையாகச் சிரித்தது.

“வீட்டுக்குப் போவோம்மா. காலைல நாம ரெண்டு பேருதானே ஏறுனோம்.”