வலது ஆள்காட்டி விரல்

கைரேகைப் பட்டை ஈரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை, டிசைன் அறையை நேற்று சாயங்காலம் பூட்டிய சாவி ரேவதியின் கைப்பையிலேயே கிடந்தது. ஆனாலும் கீபோர்டின் ஓரத்தில், விரலை வைத்து இழுப்பதற்கென்று இருந்த அந்தச் சின்னச் செம்புநிறப் பட்டையில், யாரோ இப்போதுதான் தேய்த்துவிட்டுப் போன மாதிரி ஒரு கோடு மினுங்கியது. கைக்குட்டையால் துடைத்தாள். துடைத்ததை, வேண்டாத வேலையாக, மூக்கருகே கொண்டுபோனாள். முதலில் கட்டிங் ஆயில் வாசனை. அதற்கு அடியில், பரணில் எலி செத்துக் கிடந்தால் மூன்றாம் நாள் வருமே, அது. கைக்குட்டையை அப்படியே குப்பைக்கூடையில் போட்டாள்.

ஓசூர் சிப்காட்டில் அந்த பிரஸ் டூல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் ரேவதி பொறுப்பு. தங்கள் டிராயிங் வெளியே கசியக் கூடாது என்று பெங்களூர் கஸ்டமர் கறாராகச் சொன்னதால், போன வருஷம், 2006-இல், இந்த ஒரு மெஷினைத் தனியாக வாங்கினார்கள். மதர்போர்டிலேயே பதித்த ஒரு சிப். பூட்டின் சாவி அதற்குள். பதிந்த விரலை இழுத்தால் சிப் திறந்துவிடும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டிராயிங் அத்தனையும் வெறும் கிறுக்கல். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் கிறுக்கல்தான். அதையும் நேற்று செய்து பார்த்துவிட்டாள்.

அரமும் எமரித் தாளும் கூலன்ட்டும் தின்று தீர்த்த கைகள். டூல்ரூம்காரர்களுக்கு ரேகை ஏது? பத்துப் பேர் வரிசையாக வந்து இழுத்தார்கள். பட்டை ஒருவரையும் மனுஷராக மதிக்கவில்லை. டிசைனர் பரமசிவத்தின் வலது ஆள்காட்டி விரலை மட்டும், அதுவும் ஒன்பதாவது தடவையில், போனால் போகிறதென்று ஏற்றுக்கொண்டது. இன்னொரு விரலையும் பதியச் சொன்னது திரை. ஒன்று போதும் என்று தாண்டினாள். அவசரத்துக்கு ஒரு மாற்றுச் சாவியை பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் தாண்டினாள்.

பதினெட்டு நாளைக்கு முன்னால், புது டை அச்சு ஒன்றை ட்ரையல் பார்க்கும்போது, பிரஸ் அந்த விரலைத்தான் எடுத்துக்கொண்டது. ஐஸில் போட்டுக் கொண்டுவந்தால் தைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஸ்கிராப் தொட்டி முழுவதையும் தரையில் கொட்டித் தேடினார்கள். விரல் கிடைக்கவில்லை.

"டிராயிங்குக்கு பேக்கப் இருக்கில்ல?" என்று மேனேஜர் கமலக்கண்ணன் கேட்டபோது, "இருக்கு சார்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் ரேவதி. நாளைக் காலை பத்து மணிக்கு டிராயிங்கைப் பார்க்கக் கஸ்டமர் வருகிறார். பொய் வெளியே வந்தால் வேலை போய்விடும். புருஷன் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதமாகிறது; அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

செல்போனை எடுத்துப் பரமசிவத்தைக் கூப்பிட்டாள். காவேரிப்பட்டினத்தில், அவர் வீட்டில் டிவி சத்தம் கேட்டது.

"அண்ணா, வேற விரல் ஏதாச்சும் அன்னிக்குப் பதிஞ்சமா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லீங்க மேடம். ஒன்னு போதும்னு நீங்கதான் சொன்னீங்க." டிவி சத்தம் நின்றது. "அது கெடச்சுதுங்களா?"

"எதுண்ணா?"

"வெரலு."

இல்லை என்று முணுமுணுத்துவிட்டு வைத்தாள். தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்காதவள், இன்றைக்குக் கூப்பிட்டு அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

அறையைப் பூட்டிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். நாற்றம் நகக்கண்ணிலேயே நின்றது. திரும்பி வரும்போது, "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்று வராந்தாவில் இருந்த வாட்ச்மேன் திம்மப்பன் கேட்டார். சாப்பாடு ஆச்சா என்ற அந்தக் கன்னட விசாரிப்பைத் தள்ளிவிட்டு வேறு கேட்டாள்.

"என் ரூம் பக்கம் யாராச்சும் போனாங்களா?"

"யாரும் இல்ல மேடம். நீங்க ஒருத்தர்தான்."

கதவைத் திறந்தாள். பூட்டிக் கிடந்த திரை விரிந்திருந்தது. ரேகை பொருந்தியது, வணக்கம் பரமசிவம் என்றிருந்தது. கீழே வரிசையாக டிராயிங்குகள், ஒன்றுகூடக் குறையாமல்.

யார் திறந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம்தான் வந்தது. பாய்ந்து மவுஸைப் பிடித்தாள். பிசுபிசுத்தது. உதறுவதற்குள் திரை மறுபடி பூட்டிக்கொண்டது.

பட்டை ஈரமாக இருந்தது. இந்த முறை கோடு அங்கே நிற்கவில்லை. கீபோர்டைத் தாண்டி, மேஜையில் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து போய், கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்து இடுக்கில் நுழைந்திருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. ஃபேன் அதைச் சுற்றிச் சுற்றித் தள்ளியது. தூசிக்கும் ஒயர்களுக்கும் நடுவில், அந்தச் சிப்பை ஒட்டினாற்போல, அது படுத்திருந்தது. ஊறிப்போன வெள்ளை. உப்பியிருந்தது. நகத்தின் ஓரத்தில் கருப்பு கிரீஸ். கணுவுக்கு மேலே பழைய வெல்டிங் சூட்டுத் தழும்பு. வெட்டுவாயில் சளி மாதிரி ஏதோ நூல் விட்டுக்கொண்டிருந்தது.

நகம் சீராக வெட்டப்பட்டிருந்தது. புதிதாக.

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிவிட வேண்டும். திம்மப்பனைக் கூப்பிட வேண்டும். குமட்டிக்கொண்டே நாளைக் காலைப் பத்து மணியை நினைத்தாள்.

பேப்பரில் சுற்றி எடுத்தாள். வழுக்கியது. பேப்பரை எறிந்துவிட்டு வெறும் விரல்களால் பிடித்தாள். தோல் எலும்பின்மேல் நகர்ந்தது. சூடாக இருந்தது. மெஷின் சூடு என்று சொல்லிக்கொண்டாள்.

பட்டையில் வைத்து இழுத்தாள்.

ரேகை பொருந்தியது.

இந்தக் கண்றாவியை இன்னொரு தடவை தொடக்கூடாது. தன் விரலையே சேர்த்துவிடலாம். புதிய விரல் என்ற இடத்தை அழுத்தினாள். பழைய விரலை ஐந்து முறை இழுத்து உறுதி செய்யவும் என்றது திரை.

ஒன்று.

இரண்டு. தோல் கொஞ்சம் பட்டையிலேயே ஒட்டிக்கொண்டது.

செல்போன் அடித்தது. பரமசிவம். இடது கையால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம்..." அவர் அழுதுகொண்டிருந்தார். "யாரோ என் வெரலப் புடிச்சுத் தேய்க்கறாங்க மேடம். தோலு உரியுது. வெட்டுனப்பகூட இப்படி வலிக்கல. நிறுத்தச் சொல்லுங்க மேடம்."

இன்னும் மூன்று முறை என்றது திரை.

அவள் கையில் இருந்தது மெல்ல மடங்கி, அவளுடைய கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. குழந்தை பிடிக்கிற மாதிரி. இறுக்கமாக.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணா," என்றாள் ரேவதி.

அதை நிமிர்த்தினாள். பட்டையில் வைத்தாள். அழுத்தி இழுத்தாள்.

போனில் அலறல் கேட்டது. இன்னும் இரண்டு.