துவைக்காத சேலை

பரசு விழுந்தான், அழவில்லை. கெங்கம்மா கண்ட முதல் கோணல் அதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பிய நாள். திருவொற்றியூர்க் குப்பத்தில் பாதிப் பேர் வாசலில் கூடி, பிழைத்து வந்தவளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஓடி வந்த பையன் படி தடுக்கிக் குப்புற விழுந்தான். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் மணலில் சொட்டியது. எந்தப் பிள்ளையும் அப்போது ஒரு முகத்தைத் தேடும். அம்மா முகம் இல்லையென்றால் அத்தை முகமாவது வேண்டும். பரசு எவர் முகத்தையும் தேடவில்லை. எழுந்தான், திரும்பி உள்ளே போனான், விட்டத்தில் தொங்கிய தூளியிடம் ரத்தக் காலைத் தூக்கிக் காட்டினான். காட்டிவிட்டுக் காத்திருந்தான். பிறகு சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு விளையாடப் போனான்.

அந்தத் தூளி கெங்கம்மாவின் சேலை. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், காசநோய் என்று அவளைக் கொண்டுபோனபோது பரசுவுக்குப் பால் மறக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். தாய் வாசம் இல்லாவிட்டால் பிள்ளை ஏங்கிப் போகும் என்று, உடுத்தியிருந்த செங்கல் நிறச் சேலையைத் துவைக்காமல் அப்படியே அவிழ்த்துக் கொடுத்தாள். பிள்ளையை விட்டுப் போகிற தாய்மார் குப்பத்தில் அப்படித்தான் செய்வார்கள். பாலும் வேர்வையும் ஊறிய சேலை. இருமி இருமி வாய் துடைத்த முந்தானை. ஆடும்போது சத்தம் கேட்கட்டும் என்று கைக் கருவளையல்களையும் கழற்றி அதன் முனையில் முடிந்தாள். நாத்தனார் சொக்கம்மாள் அதைத் தூளியாகக் கட்டினாள்.

புதிதாக வந்த ஊசி கெங்கம்மாவைக் காப்பாற்றியது. படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பிள்ளை தன்னைப் பார்த்து அம்மா என்று சொல்ல வேண்டும்.

அவன் சொல்லவில்லை. அவளைக் கண்டால் விலகவும் இல்லை, ஒட்டவும் இல்லை. யார் கை நீட்டினாலும் போனான். ஒரு நாள் பழைய பாட்டில் வாங்க வந்தவன் விரலைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டான். கெங்கம்மா அலறியடித்து ஓடினாள். அவள் புருஷன் எத்திராஜ் வலையை உதறியபடி சிரித்தான்.

"வுடுமே. பயமே இல்லாத பய. கப்பலேறி சிங்கப்பூர் போவான் பாரு."

பயம் இல்லாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சந்தேகம் முதலில் சொக்கம்மாள் மேல் விழுந்தது.

"அவனுக்கு இன்னா சொல்லிக் குடுத்து வெச்சிக்கீற, அண்ணி? என்னைச் செவுரு மாதிரி பாக்கறான்."

"வந்துட்டா மகாராணி, நாயம் கேக்க! விடியாத முன்ன கூடையத் தூக்கினா, ராயபுரம் சுத்திட்டு வெளக்கு வைக்கறப்போதான் எறக்கறேன். எனக்கு எங்கடி நேரம், சொல்லிக் குடுக்க?"

"அப்போ பகல்ல யாரு பாத்துக்கினது?"

சொக்கம்மாளின் குரல் இறங்கியது. "தூளில போட்டுட்டுப் போவேன். மொதல்ல கத்திக்கினு கெடந்தான். அப்புறம் அவனே நிறுத்திக்கினான். நல்ல கொயந்தடி."

"யாரு ஆட்டனாங்க?"

"கடக்கரை வூட்ல காத்துக்கா பஞ்சம்?" என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றினாள். அவள் கண் மட்டும் தூளிப் பக்கம் போகவே இல்லை.

கெங்கம்மா கவனிக்கத் தொடங்கினாள். மூன்று வயது தாண்டியும் பரசுவுக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. சோறு, தண்ணி, நைனா. அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் மத்தியான வேளைகளில், ஆண்கள் கடலுக்கும் பெண்கள் கூடையோடும் போய்க் குப்பம் ஓய்ந்து கிடக்கையில், காய்ந்த நெத்திலி வாசமும் தூரத்து ஆலைகளின் இரைச்சலும் ஓலைச் சந்து வழியே வந்துகொண்டிருக்கையில், தூளிக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. தடங்கலில்லாமல், கோவையாக, நாளெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்துவான். யாரோ பேசி முடிக்கிற அளவுக்கு நிறுத்துவான். அப்புறம் சிரிப்பான்.

அவன் வெளியே போன சமயம் பார்த்து அவள் தூளிக்குள் முகத்தை விட்டாள். தூசியும் புகையும் மூத்திரமும்தான் நாற வேண்டும். அவள் அந்தக் காலத்தில் தேய்த்த தலையெண்ணெய் வாசம் வந்தது. அதற்கடியில் பால். மடிப்பு ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். புளித்த வாடை இல்லை. இளஞ்சூடாக இருந்தது.

அவள் மார்பு வற்றிக் காலம் ஆகியிருந்தது.

அன்றே அதை அவிழ்த்துக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். முடிச்சில் இருந்த வளையல்களை எடுத்து மாடத்தில் வைத்தாள். அவள் சவுக்காரம் தேய்க்கும்போது சொக்கம்மாள் வந்துவிட்டாள். மீன்கூடை அவள் கையிலிருந்து நழுவியது.

"தண்ணில போட்டியா? அய்யோ, இன்னாடி பண்ணிட்ட? நானும் ஒரு தபா நனைச்சேன். ராவெல்லாம் வூட்டைச் சுத்திச் சுத்தி யாரோ இருமிக்கினே கெடந்தாங்க. உன் இருமலுடி. நீ அங்க செத்துட்டேன்னு நெனச்சி ஒப்பாரி வெச்சேன்."

அன்றைக்குச் சொக்கம்மாள் அந்த வீட்டில் தங்கவில்லை. மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

எத்திராஜ் கடலில் இருந்தான். ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. வடக்கிலிருந்து காற்று எழுந்து, மழைக்கு முந்தின அந்தக் கனத்த உப்பு வாசத்தைக் கொண்டுவந்தது. கெங்கம்மா சிம்னி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, வெறும் விட்டத்தையே பார்த்து நின்ற பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவன் திமிறவில்லை. மெல்லச் சாய்ந்து அவள் நெஞ்சில் காதை வைத்தான். அவனை இறுக்கி அணைத்துக்கொண்டாள். இதற்காகத்தானே இத்தனை நாள்!

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். எதையோ சரிபார்ப்பதுபோல.

"நீ இருமல?" என்றான்.

"இல்லடா ராஜா. அம்மாவுக்கு ஒடம்பு நல்லாப் போச்சு."

தலையை எடுத்துவிட்டான்.

"அம்மா இருமும்."

மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓரமாக உட்கார்ந்துகொண்டான். கெங்கம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். அந்தச் சேலையைக் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

சேலையைக் காயப்போட்ட கொடி வெறுமனே ஆடியது.

காற்று அடித்துப் போயிருக்கும். வேலியைப் பார்த்தாள். இல்லை. கீழே பார்த்தாள். மணலில் ஈரத் தாரை. வேலிப் பக்கம் போகவில்லை. வாசலைச் சுற்றி வீட்டுக்குள் போயிருந்தது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

குட்டையாக இரண்டு. இழுத்து ஒன்று. பிறகு கோழையை விழுங்குகிற சத்தம். அவளுக்குத் தெரியும். தன் குரலைவிட நன்றாகத் தெரியும்.

ஓடினாள். வாசப்படியில் கால் நின்றுவிட்டது.

விட்டத்தில் தூளி. யாரும் கட்டாத தூளி. ஈரம் சொட்டச் சொட்ட. தரையைத் தொடுகிற அளவு கனத்துத் தொங்கி ஆடியது. குழந்தையின் கனம் இல்லை அது.

மாடத்தைப் பார்த்தாள். வளையல்கள் இல்லை.

"பரசு. வாடா. அம்மாகிட்ட வா."

ஆட்டம் நின்றது. மடிப்பிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மெலிந்த கை. ஊசித் தழும்பு ஏறாத, அவளுடைய பழைய கை. கருவளையல் குலுங்க, வெளியே நீட்டிக்கொண்டிருந்த சின்னப் பாதத்தை எடுத்து உள்ளே வைத்தது.

"அம்மா," பரசுவின் குரல். இத்தனை நாள் அவள் காத்திருந்த சொல். "வாசல்ல யாரு?"

"யாரும் இல்லடா ராஜா," என்றது அவள் குரல். "தூங்கு."

கெங்கம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

தூளி மறுபடி ஆடியது. இருமல். குட்டையாக இரண்டு. இழுத்து ஒன்று.

அது அடங்கியது. பிறகு அதே தாளத்தில், முதல் முறையாக, சின்னதாக இன்னொரு இருமல்.