உறையாத எண்ணெய்

கொழும்புப் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருந்த அழகுமுத்து, மதிய இடைவேளைகளில் மட்டும் துப்பறிவார். அன்று சோற்றுப் பார்சலை அவர் பிரித்தபோது றேணுகா வந்து நின்றாள்.

“நான் பொய் எழுதேல்ல அண்ணா,” என்று அழத் தொடங்கினாள்.

உதவியாளன் ஷிராஸ் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ‘அழுகிறாள்’ என்று முதல் தடயத்தைக் குறித்துக்கொண்டான்.

வெள்ளவத்தையில் உள்ள ஓர் ஆய்வுகூடத்தில் றேணுகா மூன்று வருடங்களாகக் கறுவாப்பட்டை எண்ணெயை ஆராய்கிறாள். தட்டில் கிருமியைப் பரப்பி, அந்த எண்ணெயில் தோய்த்த சிறு கடதாசி வட்டை நடுவில் வைத்தால், சுற்றிலும் கிருமி வளராத ஒரு வளையம் விழும். அவள் எழுதிய அளவு முப்பது மில்லிமீற்றர். வெள்ளிக்கிழமை பரீட்சகர்கள் முன்னால் மறுபடி செய்தாள். சனிக்கிழமை பார்த்தால் வளையமே இல்லை. கிருமிகள் வட்டின் விளிம்பு வரை வந்து சௌக்கியமாகக் குடியிருந்தன. இன்று திங்கள், நான்கு மணிக்கு விசாரணை. பொய்க்காரி என்று முடிவானால் பட்டமும் இல்லை, மேற்படிப்புக்கு ஜெர்மனி போகும் ஒரே இடமும் இல்லை.

“எண்ணெயில என்னென்ன இருக்குனு பார்க்க மெஷின் இல்லீங்களா?” என்று கேட்டார் அழகுமுத்து.

“இருக்கு அண்ணா. பழுதாகிப் பதினொரு மாசம்.”

“போத்தல எங்க வைப்பீங்க?”

“எப்பவும் பிரிட்ஜுக்குள்ள. வெள்ளிக்கிழமை பார்த்தா ஜன்னலடியில இருந்தது.”

அழகுமுத்து பார்சலை மூடினார்.

ஆய்வுகூடத்தில் போத்தலை முகர்ந்த ஷிராஸ், “கறுவா வாசம்தான் இரிக்கி அண்ணே,” என்றான். சக ஆய்வாளன் திலக்ஷன் பிஸ்கட் தட்டை நீட்டினான். றேணுகா விலக்கப்பட்டால் ஜெர்மனி அவனுக்கு. ஆனாலும் நல்ல பிஸ்கட்.

“போத்தல நான்தான் வியாழக்கிழமை வெளியில எடுத்து வச்சனான். குளிருக்குள்ள உறைஞ்சா அவவுக்குத்தானே கஷ்டம்,” என்றான்.

போத்தல் கழுவும் ஒஸ்வால்ட், “நான் எண்ணெய் ஒண்டும் தொடுறேல்ல சேர்,” என்றார். அவர் தலையில் எண்ணெய் பளபளத்தது. ஷிராஸ் அதை இரண்டு முறை அடிக்கோடிட்டான்.

நான்கு மணிக்குப் பேராசிரியர் ஜீவராணி எல்லோரையும் உட்கார வைத்தார். அழகுமுத்து ஒரு கிண்ணம் ஐஸ் கேட்டார். அதில் இரண்டு சிறு குப்பிகளை இறக்கினார். ஒன்றில் ஜன்னலடிப் போத்தலின் எண்ணெய். மற்றதில், அதனுடன் ஒன்றாக வந்து, அப்போதுதான் எல்லோர் முன்னாலும் சீல் உடைத்த போத்தலின் எண்ணெய்.

பத்து நிமிடத்தில் முதலாவது மெழுகுவர்த்திபோல வெள்ளையாக நின்றது. இரண்டாவது ஓடிக்கொண்டே இருந்தது.

“தேங்காயெண்ணெய் கலந்திருக்குங்க,” என்றார் அழகுமுத்து. “எனக்கு மலைநாட்டுல தலவாக்கலை. மார்கழில போத்தல வெயில்ல வைக்காம அங்க யாரும் தலை சீவ முடியாது.”

ஷிராஸ் எழுந்தான். “ஆள் இவர்தான். தலையப் பாருங்க.”

எல்லோரும் ஒஸ்வால்ட் தலையைப் பார்த்தார்கள். அவரும் பார்க்க முயன்றார்.

“உக்காரு தம்பி. றேணுகாம்மா, கறுவா எண்ணெய் பிரிட்ஜுல எத்தன தடவ உறைஞ்சிருக்கு?”

“மூண்டு வருஷத்தில ஒருக்காலும் இல்ல.”

“அதில கூடுதலா இருக்கிறது சினமல்டிஹைட். அது பூச்சியத்துக்குக் கீழ போனாத்தான் உறையும்,” என்றார் பேராசிரியர்.

“அப்ப உறைஞ்சிரும்னு திலக்ஷன் தம்பிக்கு யார் சொன்னது?”

“எண்ணெய் எண்டா குளிருக்கு உறையும்தானே,” என்றான் திலக்ஷன்.

“கொழும்புல தேங்காயெண்ணெயே உறையாதுங்க. நீங்க ஊத்திட்டுப் பிரிட்ஜுல வச்சீங்க. மறுநாள் வெள்ளையா நின்னுச்சு. பரீட்சகர் கண்டா அம்புட்டுத்தான். அதுதான் போத்தல் ஜன்னலுக்கு வந்துச்சு. உறைஞ்சதக் கண்ணால கண்ட ஆள்தான் ‘உறைஞ்சா’ங்கிற வார்த்தையச் சொல்லுவார்.”

திலக்ஷன் பிஸ்கட் தட்டைப் பார்த்தான். ஒன்றை எடுத்து, தின்னாமலே திரும்ப வைத்தான்.

“அதுதான் வளையம் விழேல்ல,” என்றார் பேராசிரியர் மெதுவாக. “தேங்காயெண்ணெய் தட்டின்ர ஈரத்துக்குள்ள பரவாது.” இரண்டாவது போத்தலின் எண்ணெயில் தாமே வட்டைத் தோய்த்து, கிருமி பரப்பிய புதுத் தட்டொன்றில் வைத்தார்.

மறுநாள் காலை வளையத்தின்மேல் அடிமட்டத்தைப் பிடித்ததும் அவர்தான். இரண்டு முறை அளந்தார்.

றேணுகா எட்டிப் பார்த்தாள். மூன்று நாட்களுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

“நான் எழுதினது பிழைதான் மெடம்,” என்றாள். “முப்பத்தொண்டு.”