ஒரு வாய்த் தண்ணீர்

செவ்வாய்க் கிரகத்தில் ஹாக்கி ஆட இறங்குகிறவன் முதலில் நாற்பது கிலோ எடையங்கியை மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பந்தைத் தடுக்கத் தாவுகிறவன் கூரையில் போய் முட்டிக்கொள்வான். அடுத்து, காறை எலும்புக்குக் கீழே புதைத்திருக்கும் நாடிச்சில்லை மைதானத்து நாடிப்பலகையோடு இணைத்துவிட வேண்டும். அதன்பின் அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவன் சொந்த விஷயம் இல்லை. இருபதாயிரம் பேர் பொரிகடலை கொறித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கூரை போட்டு மூடிய ஊருக்கு அங்கே மாடம் என்று பெயர். கிழக்கு மாடத்தின் கோல்கீப்பர் சீனிராஜுக்குச் சாதாரணமாக நிமிடத்துக்கு எழுபது துடிப்பு. மேற்கு மாடத்தின் முன்கள வீரன் அழகுவேல் பந்தோடு எதிரே வந்துவிட்டால் நூற்று அறுபது. அழகுவேலுக்கும் அதே நூற்று அறுபது. பலகையில் இரண்டு எண்களும் சிவந்து மின்னும்போது இரண்டு மாடத்து ஜனங்களும் எழுந்து நின்று கத்துவார்கள். இந்தப் பகையைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. வர்ணனையாளர்கள் அதற்கு மூன்று தலைமுறைக் காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். நெஞ்சு வேகமாக அடிப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களும் ஒரு காலத்தில் யாரையாவது பார்த்து மூச்சுத் திணறியவர்கள்தான், மறந்துபோயிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஆட்டத்தில் இருவரும் மோதிக்கொண்டு ஆளுக்கொரு முழங்காலை உடைத்துக்கொண்டார்கள். கிரகத்தைச் சுற்றிவரும் மருத்துவக் கலத்தில் இருவருக்கும் ஒரே அறைதான் கிடைத்தது. அங்கே எடைக்குக் கட்டுப்பாடு. அறைக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குப்பிதான் கொடுப்பார்கள். முதல் வாரம் அதைத் துடைத்துத் துடைத்துக் குடித்தார்கள். இரண்டாவது வாரம் துடைக்க மறந்தார்கள். நான்கு மாதம் கழித்துக் கீழே இறங்கியபோது முழங்கால்கள் கூடியிருந்தன, மற்றதெல்லாம் கைமீறிப் போயிருந்தது. சீனிக்கு அழகுவேல் இல்லாமல் முடியாது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எப்போதோ குணமான முழங்கால்கள் சரியாக ஒரே நாளில் வலிக்கும். பரிசோதனைக்கென்று மேலே போவார்கள். இரண்டு நாள் பேசித் தீர்ப்பார்கள். கீழே வந்ததும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பார்கள்.

வெளியே தெரிந்தால் அணியில் இடமிருக்காது, தெருவில் இறங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். சீனிக்கு அதைவிடப் பெரிய பயம் அம்மாதான். நீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் சண்முகத்தாய் அவனைத் தனியாளாக வளர்த்தவள். எந்த ஆட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. விஷயம் தெரிந்த அன்றைக்கு அம்மா தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்றே அவன் நம்பினான்.

அந்த வருடத்து இறுதி ஆட்டத்தில் பந்து அழகுவேலின் விலாவில் பட்டது. நடுவர் இயந்திரம் ஆட்டத்தை நிறுத்தியது. கோல் கம்பத்தடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவன், வலையில் தொங்கிய சீனியின் குப்பியை எடுத்து, வாய் வைத்துக் குடித்தான். குடித்துவிட்டு வழக்கம்போல நீட்டினான். சீனியும் வழக்கம்போல வாங்கி மிச்சத்தைக் குடித்தான். இரண்டு வருடப் பழக்கம், கை யோசிக்கவில்லை.

மைதானம் ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அடங்கிப்போன பிறகுதான் சீனி நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். அழகுவேல் நூற்று அறுபதிலிருந்து தொண்ணூறு, எண்பது, எழுபது. சீனியும் எழுபது. பரம எதிரியின் எச்சிலைக் குடித்த எவனுக்கும் நாடி அப்படி அமைதியாகாது. இருபதாயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

பிறகு பொரிகடலைப் பொட்டலம் முதல் செருப்பு வரை பறந்து வந்தது. ஈர்ப்பு குறைந்த கிரகமாதலால் செருப்புகள் நிதானமாக வந்தன, தப்பிக்க நேரமிருந்தது. சீனி அழகுவேலின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக நேரே வீட்டுக்குப் போனான். அம்மாவிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் மனதில் இருந்தது.

சண்முகத்தாய் அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது. அழகுவேல் கைகூப்பி, "வணக்கம் அத்தை" என்றான். அந்த முறையைக் கேட்டதும் அவள் முகம் ஒரு கணம் இளகி, மறுபடி இறுகியது.

"ஏய்யா சீனி, ஆசப்பட்டது தப்புன்னு நான் சொல்லல. நம்ம மாடத்துல ஒனக்கு ஒரு பையனா கெடைக்கல? சுரங்கத் தெரு கனியப்பன் மகன ஒனக்குன்னே பேசி வச்சிருந்தேனே. தங்கமான பையன். நம்ம தண்ணி."

அந்தக் கிரகத்தில் ஆணை ஆண் கட்டிக்கொள்வது பத்தோடு பதினொன்றாக நடக்கும் கல்யாணம். பூமியிலிருந்து கிளம்பிய முதல் கப்பலிலேயே அந்தச் சங்கடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். மூட்டை காலியாக இருக்கக்கூடாது என்று வந்த இடத்தில் வேறொன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். கிழக்கு மாடத்தார் நிலத்தடிப் பனியை வெட்டி உருக்கிக் குடிப்பவர்கள். மேற்கு மாடத்தார் மூச்சையும் வேர்வையையும் பிடித்து வடிகட்டிக் குடிப்பவர்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் வாய் நனைப்பதில்லை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, பையனையும்தான். மறுதண்ணீர்க்காரனோடு போன பிள்ளைக்கு வீட்டார் உயிரோடு தலைமுழுகுவது வழக்கம்.

"தண்ணியில என்னம்மா இருக்கு?" என்றான் சீனி.

"ஒண்ணும் இல்ல." அவள் பிள்ளையைப் பார்க்காமல் சொன்னாள். "நம்ம சுரங்கம் நீ பொறக்கதுக்கு முந்தியே வத்திப்போச்சு. முப்பது வருசமா ரெண்டு மாடத்துக்கும் ஒரே வடிகட்டு ஆலை, ஒரே குழாய். தெனமும் காலையில நாந்தான தெறந்து விடுதேன்."

அழகுவேலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

"அப்ப பெறகு என்னம்மா?" என்றான் சீனி.

"எனக்குத் தெரியும்யா. நாலு பேருக்குத் தெரியாதுல்லா."

அடிபட்டு வந்த பிள்ளைகளைத் தொண்டை காயவிட அவளுக்கு மனசு வரவில்லை. குடத்தைச் சாய்த்து, சீனிக்கு எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினாள். அதே குடத்திலிருந்து அழகுவேலுக்கு, குடித்துவிட்டு எறியும் தாள் குவளையில் ஊற்றி மேசை ஓரத்தில் வைத்தாள். அப்படி வைக்க வேண்டும் என்று அவள் நினைத்துச் செய்யவில்லை. அழகுவேலும் எதுவும் நினைக்காமல் அதை எடுக்கப் போனான்.

சீனி முந்திக்கொண்டான். தம்ளரை அழகுவேலின் கையில் கொடுத்துவிட்டுத் தாள் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

சண்முகத்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"நீயும் குடிய்யா" என்றாள் அழகுவேலிடம். சொல்லிவிட்டு எழுந்து போய், அடுத்த வீட்டுக்குத் தெரியாதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.