ஒரு மெஷின், ஒரு பூட்டு

சந்திரமௌலியின் வலது கை இன்னும் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

மெஷினின் பின்பக்கத் தகடு கழற்றப்பட்டிருந்தது. அறை முழுக்கக் கருகிய ஒயர் நாற்றம். அவருடைய கண்கள் திறந்திருந்தன... எதையும் பார்க்கவில்லை.

ஜலஜாவுக்குக் கத்தத் தோன்றியது. குரல் வரவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்தாள். தட்டுத்தடுமாறிப் போலீஸுக்கு டெலிபோன் செய்தாள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடிக் கட்டிடம். ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே கடைகள் மூடியிருந்தன. முதலாளி பத்ரிநாராயணன் டெல்லி போயிருந்தார். பிணமும் அவளும்தான்.

ரிசீவரை வைத்துத் திரும்பினால், வாசலில் ஒருவர்.

வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட், ஒட்ட வெட்டிய கிராப்.

"போலீஸ்."

"அதுக்குள்ளேயா?"

"பக்கத்துலதான் இருந்தேன். நீங்க யாரும்மா?"

அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"ஜலஜா. இங்க ப்ரோக்ராமர். அவர்... சந்திரமௌலி சார். எங்க சீஃப்."

வந்தவர் பிணத்தருகே குனிந்தார். நிமிர்ந்தார்.

"ரிப்பேர் பண்ணப் போய் ஷாக் அடிச்சிருக்கு."

"இருக்காது. சார் ஸ்க்ரூ டிரைவரைக் கையால தொட மாட்டார். அதோட, அந்த அலமாரியில ஒரு டேப் காணோம்."

"என்ன டேப்?"

"கப்பல்ல சரக்கு ஏத்தற ப்ரோக்ராம். எந்தச் சரக்கை எங்க வெச்சா கப்பல் சாயாதுன்னு சொல்லும். பம்பாய்ல ஒரு கம்பெனி கேட்டுண்டே இருந்தா. முதலாளி தரலை."

"அப்ப அந்த டேப்பு இனிமே பம்பாய்ல ஓடும்."

"ஓடாது சார்."

"ஏன்?"

"ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ளேயே ஒரு நம்பர் இருக்கும். எங்க ப்ரோக்ராமை ஓட்டினா, அது முதல்ல அந்த நம்பரைத்தான் பார்க்கும். இந்த மெஷினோட நம்பர் இல்லேன்னா அப்படியே நின்னுடும். பூட்டு மாதிரி."

"இந்த மெஷின்தான் எரிஞ்சு போச்சே."

"ஆமா... இனிமே அது எங்கயும் ஓடாது."

இந்த அறையில் ஒரு சாவு அல்ல, இரண்டு.

வந்தவர் சுவரைப் பார்த்தார். ஃப்ரேம் போட்டு மாட்டிய பத்திரிகைச் செய்தி. 'திருட முடியாத ப்ரோக்ராம்: சென்னை நிபுணரின் சாதனை.' கூச்சத்தோடு சிரிக்கும் சந்திரமௌலி.

"பூட்டைக் கழற்ற வழி இருக்குமே?"

"இருக்கு. எழுதினவாளுக்குத் தெரியும்."

"அப்ப கேஸு சுலபம்மா. இவரே டேப்பை வித்திருக்கார். பூட்டைக் கழற்ற வழியையும் சேர்த்து வித்திருக்கார். அப்புறம் ஆளுங்களுக்குள்ள தகராறு. நாளைக்குப் பேப்பர்ல அப்படித்தான் வரும்."

சந்திரமௌலியின் மனைவி நீரஜாவின் முகம் ஜலஜாவின் கண்முன் வந்தது. மயிலாப்பூரில், புருஷன் சாப்பிட வருவாரென்று காத்திருப்பாள். அவளிடம் சாவைச் சொல்வதே கொடுமை. கூடவே, உன் புருஷன் திருடன் என்றும் சொல்ல வேண்டுமா?

"அபாண்டமாப் பேசாதீங்கோ. அவரால அதை வித்திருக்கவே முடியாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவருக்கே தெரியாது. பூட்டை எழுதினது நான்."

வந்தவர் மெதுவாகத் திரும்பினார்.

"நீங்களா?"

"ஒரு பொண்ணு எழுதினதுன்னா கப்பல் கம்பெனிக்காரா நம்ப மாட்டான்னு, முதலாளி, சந்திரமௌலி சாரோட பேரைப் போட்டுட்டார். சார் எங்கிட்ட எத்தனையோ தடவை வருத்தப்பட்டிருக்கார். அடிச்சுக் கேட்டாலும் சரி, கொன்னாலும் சரி... சொல்றதுக்கு அவர்கிட்ட ஒண்ணுமே இல்லை."

டெலிபோன் அடித்தது.

ஜலஜா எடுத்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம்மா. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துல மாட்டிக்கிட்டார். வர நேரமாகும். எங்க ஆள் வர்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க."

"உங்க ஆள் இங்க ஏற்கெனவே..."

ஒரு விரல் வந்து டெலிபோனை அமுக்கியது.

லைன் செத்தது.

அவன் சட்டைக் கையில் ஒரு கருகல் கறை இருப்பதை அவள் இப்போதுதான் கவனித்தாள். பக்கத்தில்தான் இருந்தேன் என்றான். பொய் இல்லை. அவள் படியேறி வந்தபோது பக்கத்து அறையில் இருந்திருக்கிறான்.

"அதான்," என்றான் அவன். பேச்சே மாறியிருந்தது. "கடைசி வரிக்கும் தெரியாது தெரியாதுன்னே சொல்லிக்கினு இருந்தாரு. நான் நம்பல. தகட்டைக் கழட்டி, கையைக் கிட்ட கொண்டுபோய் சும்மா மிரட்டத்தான் பார்த்தேன். திமிறினாரு... செத்துப் பூட்டாரு."

ஜலஜா வாசலைப் பார்த்தாள். அவன் நகர்ந்து வாசலை அடைத்துக்கொண்டான்.

"என்னைக் கொன்னாலும் சொல்ல மாட்டேன்."

"உன்னை ஏம்மா கொல்றேன்? ஒரு தபா பண்ண தப்பைத் திருப்பிப் பண்ணுவேனா?" அவன் குரலில் கோபமே இல்லை. "மயிலாப்பூர்ல அவரு சம்சாரம் தனியாத்தானே கீது? வூடு எனக்குத் தெரியும். நீ வர்லேன்னா, நான் அங்க போவணும்."

யாரை ஒரு அவச்சொல்லிலிருந்து காப்பாற்ற வாயைத் திறந்தாளோ, அவளையே பணயமாக வைக்கிறான். கத்தினால் கேட்க ஆள் இல்லை. போலீஸ் வர நேரமாகும்.

சந்திரமௌலியின் பக்கத்தில் மண்டியிட்டாள். திறந்திருந்த கண்களை மூடினாள். அவளால் அவருக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போகணும்?"

"மீனம்பாக்கம். பம்பாய்ல மெஷின் காத்துக்கினு கீது. மத்தியானம் ஃப்ளைட்டு. ரெண்டு டிக்கெட்டு எடுத்துட்டேன்... ஒண்ணு எனக்கு, ஒண்ணு சந்திரமௌலிக்கு."

அவள் அவனை வெறித்தாள்.

அவன் கதவைத் திறந்து, மரியாதையாக வழிவிட்டான்.

"இத்தினி நாளு நீ செஞ்ச வேலையில அவரு பேரு ஏறிச்சு... இன்னிக்கு அவரு பேர்ல நீ ஏறு."